இருபத்துநான்கு கட்டங்கள்: பிள்ளை பெறும் காலத்தைத் தீர்மானித்த ஒரு தம்பதியின் நிகழ்வு ஆய்வு

2025 ஜூன் மாத இறுதியில், கோவையில் நான் குடும்பநல ஆலோசகராகப் பணிபுரியும் சிறிய மையத்துக்கு ஒரு தம்பதி வந்தனர். மனைவிக்கு 29 வயது. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கணவருக்கு 32 வயது. குறிச்சி சிட்கோ பகுதியில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பட்டறையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். திருமணமாகி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர்கள் வந்ததற்கு உடனடிக் காரணம் அதற்கு முந்தைய மாதத்தில் நடந்தது. மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஒன்பதாம் நாள், தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் தெருவிலிருந்த மெடிக்கலைத் தவிர்த்து, இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய்ப் பரிசோதனை அட்டை வாங்கி வந்திருக்கிறார். ஒரு கோடுதான் விழுந்தது. கணவர் "அப்பாடா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போயிருக்கிறார். மனைவிக்கும் அந்த நேரத்தில் நிம்மதிதான். ஆனால் அன்று இரவிலிருந்து நான்கு நாட்கள் அவரால் கணவரிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. "எதுக்குக் கோபம்னு எனக்கே தெரியல மேடம்" என்று முதல் அமர்வில் சொன்னார். கணவரின் கேள்வி நேரடியாக இருந்தது: "நாங்க ரெடியா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

அப்படிச் சொல்வது என் வேலை அல்ல என்று அவர்களிடம் தெளிவாக்கினேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். தேர்வு முடிவைப் போல வெளியிலிருந்து யாரோ அறிவிக்க வேண்டிய ஒன்றாகத் தயார்நிலையை அவர் நினைத்திருந்தார். இந்த வயதில் என்னிடம் வரும் பலரிடமும் இதைப் பார்க்கிறேன். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர்கள் வீடுகளில் இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டுக்கொண்டதே இல்லை.

தமிழ்நாட்டின் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாறு நமக்கு நன்கு தெரிந்ததுதான். பெண் தன் உடலுக்கும் வாழ்வுக்கும் தானே உரியவளாக இருக்கவே கர்ப்பத்தடை வேண்டும் என்று, அரசுகள் அதைத் திட்டமாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1930 வாக்கிலேயே பெரியார் வாதிட்டார். பின்னர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகமும் பேருந்துகளிலும் சுவர்களிலும் வந்தன. 1992–93ஆம் ஆண்டுக்கான முதல் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.5 குழந்தைகள், 2019–21 ஆய்வில் 1.8. மக்கள்தொகை குறையாமல் நிற்பதற்கு வேண்டிய அளவு 2.1 என்பது கணக்கு. இந்தச் சரிவு பெரும்பாலும் பெண்களின் கருத்தடை அறுவைச் சிகிச்சையால் வந்தது. இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைச் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு சொல்லும்படியாக இல்லை. கல்யாணம், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஒரு பிள்ளை, பிறகு இன்னொன்று, அத்தோடு ஆபரேஷன் என்பதுதான் இரண்டு தலைமுறைகளாக இங்கே வழக்கம். ஆகவே நம் குடும்பங்களுக்கு எப்போது நிறுத்துவது என்று முடிவெடுத்த அனுபவம் நிறைய உண்டு. எப்போது தொடங்குவது என்று முடிவெடுத்த அனுபவம் அநேகமாக இல்லை. என்னிடம் வந்த இந்தத் தம்பதி, தத்தம் குடும்பங்களில் அந்த முடிவை யோசித்து எடுக்கும் முதல் இருவர். இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இதுவே அடிப்படை என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு அமர்வுகளில் நான் ஒரு தவறு செய்தேன். கணவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பக்கம் முழுவதும் நிபந்தனைகள்: வீட்டுக் கடன் பாதியாவது அடைய வேண்டும், மனைவிக்கு டீம் லீட் பதவி வர வேண்டும், மூன்று லட்சம் ரூபாய் தனியாகச் சேர வேண்டும், கார் வாங்க வேண்டும். பக்கத்துப் பள்ளியில் எல்கேஜி கட்டணம் எவ்வளவு என்றுகூட விசாரித்து எழுதியிருந்தார். பொறுப்பான மனிதர். அந்த நோட்டைப் பார்த்ததும் இது பணம் பற்றிய அச்சம் என்று நான் முடிவுகட்டி, இரண்டு வாரத்துக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிவரச் சொன்னேன். எழுதி வந்தார்கள். கணக்குப்படி அவர்களால் ஒரு குழந்தையை வளர்க்க முடியும். நெருக்கடி இருக்கும், ஆனால் முடியும். அதைப் பார்த்து இருவர் முகத்திலும் எந்த மாற்றமும் வரவில்லை. மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "இந்த நோட்டில் இருக்கிற எல்லாமே நாளைக் காலையில் நடந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே குழந்தை வேண்டும் என்று தோன்றுமா?" கணவர் "ஆமாம்" என்றார். மனைவி "இல்லை" என்றார். இரண்டு பதில்களும் ஒரே நேரத்தில் வந்தன. கணவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்; அந்தப் பதிலை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார் என்பது தெரிந்தது.

குழந்தை வேண்டுமா என்பது ஒரு கேள்வி, இப்போது முடியுமா என்பது இன்னொன்று, முடியச் செய்வதற்கு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பது மூன்றாவது. இளம் தம்பதியர் இந்த மூன்றையும் "இன்னும் ரெடியாகல" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஆகவே இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் காட்டாமல், குழந்தை என்றதும் மனத்தில் வருவதை எழுதச் சொன்னேன். கணவர் ஒரு பக்கம் எழுதினார். தான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துபோனதையும், தன் பிள்ளையைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்க அழைத்துப்போவதாக அடிக்கடி நினைத்துக்கொள்வதையும். மனைவி எழுதியது இரண்டே வரி: "எனக்கும் வேண்டும். ஆனால் குழந்தை பிறந்தால் அவர் அப்பா ஆவார், நான் வேலையை விடுவேன்."

அந்த "எனக்கும் வேண்டும்" என்பதைக் கணவர் நான்கைந்து முறை படித்தார். பரிசோதனை அட்டையில் ஒற்றைக் கோடு விழுந்த அன்று மனைவிக்கு ஏன் கோபம் வந்தது என்பது அந்த அறையில் அப்போது இருவருக்குமே விளங்கிற்று.

மருத்துவம் தொடர்பான பயத்தையும் இடையில் சரிசெய்ய வேண்டியிருந்தது. முப்பதைத் தாண்டினால் கரு தங்குவது கடினம் என்று உறவினர்கள் சொல்லச் சொல்ல, மனைவி யாரையும் கேட்காமல் ஒரு பரிசோதனைக் கூடத்தின் 'பேக்கேஜில்' ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தார். தாளில் வந்த எண் குறைவு என்று எண்ணி ஒரு மாதம் தூக்கமின்றி இருந்திருக்கிறார். அவர்களை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். அந்த எண் சினைப்பையில் இருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றித் தோராயமாகச் சொல்வது, செயற்கைக் கருத்தரிப்புக்கு மருந்தளவைத் தீர்மானிக்கப் பயன்படுவது. இயல்பாகக் கரு தங்குமா என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது என்று மருத்துவர் விளக்கினார். அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையிலான பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வும், அந்த எண் குறைவாக இருந்தவர்களுக்கும் இயல்பாக இருந்தவர்களுக்கும் கரு தங்கும் வாய்ப்பில் வேறுபாடு காணவில்லை. வயது உண்மையில் முக்கியம்தான். கரு தங்கும் வாய்ப்பு 32 வாக்கிலிருந்து மெல்லக் குறையத் தொடங்கி, 37க்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. ஆனால் 30ஆம் பிறந்தநாளில் எந்தக் கதவும் சாத்தப்படுவதில்லை. ஓராண்டு முயன்றும் தங்காவிட்டால்தான் பரிசோதனை, 35 வயதைக் கடந்தவர் என்றால் ஆறு மாதம் என்பதே மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. ஹீமோகுளோபின், தைராய்டு, ருபெல்லா எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கருத்தடையை நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். கணவரின் சிகரெட்டையும் விடச் சொன்னார். பெண்ணின் வயதை மட்டும் எண்ணுகிற உறவினர்கள் யாரும் அந்த சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதை மனைவி எனக்குச் சுட்டிக்காட்டினார்.

நான்காம் அமர்வில் ஒரு முழுத்தாளில் இருபத்துநான்கு கட்டங்கள் வரைந்தேன். ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரம். இரண்டு மாதக் குழந்தை வீட்டில் இருக்கிறது; ஒவ்வொரு மணி நேரத்திலும் குழந்தை யார் கையில் இருக்கும் என்று இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அரை மணி நேரம் கழித்து வந்தபோது கணவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். அந்தத் தாளில் அவர்கள் எழுதியிருந்தது இரவு ஷிப்ட் வாரம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை பட்டறை, போய்வரும் நேரம், பகல் தூக்கம் எல்லாம் போக, அவர் பெயர் மூன்று கட்டங்களில் இருந்தது. மனைவியின் பெயர் பதினான்கில். மிச்சமிருந்த ஏழு கட்டங்களில் "அம்மா" என்று எழுதியிருந்தது. எந்த அம்மா என்று கேட்டேன். இருவரும் பதில் சொல்லவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப்போவதும், மூன்று மாதமோ ஐந்து மாதமோ வைத்திருந்து அனுப்புவதும் யாரும் பேசி முடிவுசெய்வதில்லை, தானாக நடக்கும். ஆனால் இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு 51 வயதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்; காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டைத் தாண்டும். மகன் பொறியியல் கடைசி ஆண்டு. அவன் கல்லூரிக் கட்டணம் அந்த அரை ஷிப்ட் கூலியில்தான் போகிறது. மாமியார் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். மூன்று கறவை மாடு. விடிகாலையிலும் மாலையிலும் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். மகன் வீட்டுக்கு வந்தால்கூட இரவு தங்க மாட்டார்.

பாட்டி என்றால் வீட்டில் சும்மா இருப்பவர் என்ற கணக்கு, பாட்டிகள் சம்பளத்துக்கும் பால் பணத்துக்கும் உழைக்காத காலத்தின் கணக்கு. அப்படி ஒரு காலம் ஏழைக் குடும்பங்களில் எப்போதாவது இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். இந்தப் பெண் தன் அம்மாவிடம் "வேலையை விட்டுட்டு வா" என்று கேட்கத் துணியவில்லை. அம்மாவோ "என்னால வர முடியாது" என்று மகளிடம் சொல்ல வாய் வராமல், அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "இப்ப என்ன அவசரம், நிதானமா பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவே வேண்டாம் என்கிறார் என்று மகள் எடுத்துக்கொண்டார். வீட்டுக் கடன், டீம் லீட் பதவி, மூன்று லட்சம் எல்லாம் இந்த இடத்தின் மேல் போர்த்திய துணிகள்.

அம்மாக்கள் இருவரையும் அழைத்து ஒரு நாள் பேசலாமா என்று கேட்டேன். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வந்தனர். மாமியார் பால் ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். உட்கார்ந்ததும் அவர் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்: "ஏனுங் கண்ணு, ஏதாச்சும் விசேஷமா?" இல்லை என்றதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. நான் அந்தத் தாளை மேசைமேல் விரித்து, 'அம்மா' என்று எழுதியிருந்த ஏழு கட்டங்களைக் காட்டினேன்.

மருமகள்தான் பேச ஆரம்பித்தார். "அத்தை, உங்களுக்கு மாடு இருக்கு, அம்மாவுக்குக் கம்பெனி இருக்கு. இந்த ஏழு மணி நேரத்துக்கு யாரும் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னா உங்க ரெண்டு பேரையும் குத்திக்காட்டுற மாதிரி ஆயிருமோன்னுதான் சொல்லல."

மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்களை எல்லாம் யாரு கண்ணு கேட்டாங்க, வேணுமா வேண்டாமான்னு. கல்யாணம் ஆன மறு வருசம் இவன் பொறந்தான். நாள் முழுக்கக் காட்டுலதான் இருப்பேன், இவனை வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டிருப்பேன். அது தெரியாம நான் உன்னைய விசேஷமா விசேஷமான்னு கேட்டுட்டே இருந்திருக்கேன்" என்றார். பெண்ணின் அம்மா சம்பந்தியைப் பார்த்து, "என் பையன் வர்ற மே மாசம் படிப்பை முடிச்சிருவானுங்க. அதுக்கப்புறம் ஒன்றரை ஷிப்ட் எனக்கு வேண்டியதில்ல. ஒரு ஷிப்ட் பார்த்துட்டு சாயங்காலம் ரயிலேறி வந்து இவகூட ராத்திரி இருந்துக்கலாம். அதுக்கு முன்னாடின்னா நெசமாவே முடியாதுங்க" என்றார். மகளிடம் அவர் "முடியாது" என்ற சொல்லைச் சொன்னது அன்றுதான். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசியதில் ஒரு தெளிவு இருந்தது.

அதன்பின் நடந்தது எல்லாம் கணக்கு. மே மாதம் தம்பியின் தேர்வு முடிகிறது. செப்டம்பர் பிற்பகுதிக்குப் பிறகு கரு தங்கினால் பிரசவம் ஜூன் பிற்பகுதிக்கு மேல். மனைவிக்குச் சட்டப்படி 26 வாரச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது உரிமை; பிரசவத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் இருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. தன் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தக் காப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டு வாங்கினார். கணவருக்கு அப்படிக் கேட்க ஒரு சட்டமும் இல்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் பட்டறையில் வேலை செய்யும் தந்தைக்குச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில், மக்கள்தொகை அடிப்படையில் நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையை முன்னிட்டு, புதுமணத் தம்பதியர் உடனே பிள்ளை பெற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பேசியதைக் கணவரின் சித்தப்பா குடும்பக் குழுவில் பகிர்ந்திருந்தார். மாநிலத்தின் நாடாளுமன்ற இடங்கள் குறையக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கவலை இந்த வீட்டுத் தாளில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது. ஒரு தந்தைக்கு ஒரு மாதம் விடுப்பு கொடுத்தால் நிரம்பும்.

கணவர் தானே போய் முதலாளியிடம் பேசினார். இரவு ஷிப்டிலிருந்து தன்னை விடுவித்து ஜெனரல் ஷிப்டுக்கு மாற்ற வேண்டும், இரவுப் படி போனாலும் பரவாயில்லை என்று கேட்டிருக்கிறார். "குழந்தை பொறக்கட்டும், பார்க்கலாம்" என்று பதில் வந்தது. "பொறந்த பிறகு கேட்டா லேட்டுங்க" என்று இவர் சொன்னதாக எனக்குத் தெரிவித்தபோது, மனைவி அவரைப் பார்த்த பார்வையில் முதல் அமர்வின் கோபம் துளியும் இல்லை.

ஆறாம் அமர்வில் அதே தாளைப் புதிதாக நிரப்பினார்கள். கணவர் பெயர் எட்டுக் கட்டங்களில். அதில் இரவு இரண்டு மணியும் மூன்று மணியும் உண்டு. நோட்டிலிருந்த பழைய நிபந்தனைகளில் காரையும் டீம் லீட் பதவியையும் அவர்களே அடித்துவிட்டார்கள். மூன்று லட்சம் ஒன்றரை லட்சமாயிற்று. வீட்டுக் கடன் அப்படியே இருந்தது.

இதை எல்லாருக்கும் பொருந்தும் வழி என்று நான் சொல்லவில்லை. இதே காலத்தில் என்னிடம் வந்த வேறொரு தம்பதி, அதே மூன்று கேள்விகளையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, தங்களுக்குக் குழந்தை வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தனர். அதையும் முழுமையான முடிவாகவே கோப்பில் பதிந்தேன். மூன்றாவது ஒரு நிகழ்வில் கணவன் வேண்டும் என்கிறார், மனைவி வேண்டாம் என்கிறார். அது இன்னும் முடியவில்லை. இருவருக்கும் விருப்பம் இருந்து, கை மட்டும் போதாமல் இருந்த இந்த நிகழ்வு, ஒப்புநோக்கில் எளிதானது.

டிசம்பரில் தொடர் விசாரணைக்காகத் தொலைபேசியில் பேசினேன். கருத்தடையை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் கரு தங்கவில்லை. மருத்துவர் சொன்ன ஓராண்டு நினைவில் இருக்கிறது, பதற்றம் இல்லை என்று மனைவி சொன்னார். கணவர் நவம்பர் முதல் தேதியிலிருந்து ஜெனரல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். சிகரெட் நாளுக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறதாம், முழுவதும் நிற்கவில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, மாடுகளை நாற்பது நாள் பார்த்துக்கொள்ள இப்போதே ஏற்பாடு செய்துவிட்டார். பதிலுக்கு அந்த நாட்களின் பால் பணம் முழுவதும் அவர்களுக்கே. மருமகளிடம் அவர் இப்போதெல்லாம் விசேஷம் உண்டா என்று கேட்பதில்லையாம். "அந்தத் தாளு பத்திரமா இருக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்கிறாராம்.